படிப்பு முடிந்துவிட்டதா, சிஸ்டர்?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? டாக்டரின் பெயர்ப் பலகையைத்தான். பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துக்கள் இருக்கின்றன என்று எண்ணுவீர்கள். எம்.பி.பி.எஸ். மட்டும் என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும். எம்.டி., டி.எம். என்று நீண்டுகொண்டே போனால், "பெரிய டாக்டர்தான்!" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வீர்கள். சீமையில் படித்தவர் என்று தெரிந்துவிட்டால், பீஸ் கொடுக்கும்போது கூட மனசு அவ்வளவாக உறுத்தாது.

சரி, அந்தப் பெரிய டாக்டர் ஒரு நாளில் உங்கள் கட்டில் அருகே எத்தனை நேரம் நிற்பார்? ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் உங்களைப் பார்த்துக்கொள்கிறவர் நர்ஸ்தான். ஊசி போடுகிறவர் அவர். நாடி பார்க்கிறவர் அவர். நடுநிசியில் உங்கள் மூச்சு மாறினால் முதலில் காதில் வாங்குகிறவரும் அவரே. அவர் என்ன படித்தார், எந்த வருஷம் படித்தார், அதற்கு அப்புறம் புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டாரா என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? "சிஸ்டர், டிரிப்ஸ் தீர்ந்து போச்சு!" என்று கூப்பிடுவதோடு நம் சம்பாஷணை முடிந்துவிடுகிறது.

நேயர்களே, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது என்று நான் தீர்மானித்தேன். அதற்கு வெகு தூரம் போகவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஏனென்றால் நான் குடியிருப்பது விம்கோ நகரில்.

விம்கோ நகர் என்றால் சென்னையின் தென்பகுதி வாசகர்கள் "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். சொல்கிறேன். எங்கள் ஊர் தீக்குச்சியால் பெயர் பெற்ற ஊர். வெஸ்டர்ன் இந்தியா மாச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைச் சுருக்கினால் 'விம்கோ' என்று வரும். ஒரு பக்கம் திருவொற்றியூர், மறு பக்கம் எண்ணூர். கண்டெய்னர் லாரியும் ஆலைப் புகையும் கடற்காற்றும் கலந்து வீசும் இடம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் எங்கள் ஊர் வரை வந்துவிட்டது. அதில் அதிகாலையில் ஏறிப் பார்த்தால், தோளில் ஒரு பை, பைக்குள் டிபன் பாக்ஸ், மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு, கண்களில் பாதித் தூக்கம் என்று சில பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தண்டையார்ப்பேட்டையில் ஒருவர் இறங்குவார், வண்ணாரப்பேட்டையில் ஒருவர், சென்ட்ரலில் இன்னும் சிலர். எல்லாரும் காலை ஷிப்டுக்குப் போகும் நர்சுகள்.

எங்கள் தெருவிலேயே மூன்று நர்சுகள் இருக்கிறார்கள். பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா? மூவரிடமும் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டேன்.

முதலாமவர் எனக்கு அக்கா முறை வைத்துக் கூப்பிடும் வயசு. 2000ஆம் ஆண்டில் டிப்ளமா முடித்துவிட்டு அன்று முதல் தனியார் நர்ஸிங் ஹோம்களில் வேலை பார்க்கிறார்.

"ரிஜிஸ்டிரேஷனைப் புதுப்பிக்கணும்னா வகுப்புக்குப் போய் மணிக்கணக்குக் காட்டணுமாமே, அக்கா?" என்றேன்.

"ஆமா தம்பி. படிக்கறதுக்கு நான் என்னிக்கு மாட்டேன்னு சொன்னேன்? பன்னெண்டு மணி நேரம் நைட் டூட்டி பார்த்துட்டு வர்றவளை ஏ.ஸி. ரூம்ல உட்கார வெச்சு, லைட்டையும் அணைச்சுட்டு, ஸ்லைடு போட்டுக் காட்டுறாங்க. தூங்காம என்ன பண்ணுவா? அன்னிக்கு லீவு போட்டா சம்பளம் கட். வகுப்புக்குப் பீஸ் என் கைக்காசு. கத்துக்கிட்டு வந்து, 'இப்படிச் செய்யணுமாம் டாக்டர்'னு சொன்னா, 'நீ உன் வேலையைப் பாரு'ங்கறாங்க. இதுல எனக்கு எங்கேர்ந்து ஆசை வரும்?"

இரண்டாமவர் இருபத்தைந்து வயசுப் பெண். பி.எஸ்ஸி. நர்ஸிங். "எனக்கு இஷ்டம்தான் அண்ணா. பஸ்ல போகும்போது கூட போன்ல பாடம் கேட்கிறேன். லண்டன் போகணும். அங்கே போனா படிச்சுக்கிட்டே இருந்தாத்தான் வேலை நிலைக்கும்" என்றார்.

மூன்றாமவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர். ஓய்வு பெற அதிக வருஷம் இல்லை. அவர் சிரித்தார். "காலையில ஒரு கையெழுத்து, சாயங்காலம் ஒரு கையெழுத்து, நடுவுல சாப்பாடு. சர்ட்டிபிகேட் வந்துடும். பைலுக்குள்ள போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

ஒருவருக்குச் சலிப்பு, ஒருவருக்கு ஆசை, ஒருவருக்கு அசட்டை. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று பேருக்கும் மூன்று குணம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூவருக்கும் கிடைத்த வகுப்பு வேறு வேறு. குணம் அதற்கேற்ப அமைந்துவிட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும். ஒரு தடவை படித்துப் பாஸ் செய்தவர் மறுபடியும் ஏன் படிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனித உடம்பு மாறவில்லை. ஆனால் உடம்பைப் பற்றிய அறிவு மாறிக்கொண்டே இருக்கிறதே!

எங்கள் அக்கா டிப்ளமா வாங்கிய 2000ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்தவுடன் தொப்புள் கொடியைச் சட்டென்று கவ்வி வெட்டிவிடுவது அன்றைய ஆஸ்பத்திரிகளில் சர்வ சாதாரணம். இன்று உலக சுகாதார ஸ்தாபனம் என்ன சொல்கிறது? ஒரு நிமிஷமாவது பொறுங்கள் என்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் கொடி வழியாகக் கொஞ்சம் ரத்தம் கூடுதலாகக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. அதில் உள்ள இரும்புச் சத்து மாதக் கணக்கில் சோகை வராமல் காக்கிறது. காலணாச் செலவு இல்லை. கைக் கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஆனால் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பிறந்த குழந்தை மூச்சு விடத் திணறினால் முழு ஆக்ஸிஜனைக் கொடுப்பது அன்றைய பழக்கம். நிறை மாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றை வைத்தே ஆரம்பிக்கலாம் என்று 2010ல் சர்வதேச நிபுணர்கள் வழிமுறையை மாற்றினார்கள். இதயம் நின்றுபோனவரைப் பிழைக்க வைக்கும் முறையும் அப்படித்தான். பதினைந்து தடவை மார்பை அழுத்தி இரண்டு தடவை காற்று ஊதுவது என்று அன்று பாடம். 2005ல் அது முப்பதுக்கு இரண்டு என்று ஆயிற்று. 2010ல் வரிசையே தலைகீழாகி, மூச்சுப் பாதையைத் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்காமல் முதலில் மார்பை அழுத்து என்றார்கள். இப்போது நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று கணக்கு.

2000ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறிய ஒரு நர்ஸ், அதற்கு மேல் ஒன்றுமே படிக்காவிட்டால், அன்றைய சரியான விடையை இன்றும் எழுதிக்கொண்டிருப்பார். நஷ்டம் யாருக்கு? கட்டிலில் படுத்திருப்பவருக்கு.

இதை நான் ஏட்டில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலையில் கண் விழித்தவர் குழறலாக, "காப்பி" என்றார். அம்மாவுக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைக் கேட்க வேண்டுமா? பிளாஸ்க்கைத் திறந்துவிட்டாள். அப்போது டூட்டியில் இருந்த நர்ஸ் ஓடி வந்து டம்ளரைத் தடுத்தார். அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீரை மட்டும் வாயில் விட்டார். தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தார். "தாத்தா, உங்க பேர் சொல்லுங்க" என்றார். அப்பாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போலக் களகளவென்று வந்தது.

"வேண்டாம்மா. விழுங்குற சக்தி இன்னும் வரலை. காப்பி குடுத்தா வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போயிடும். நிமோனியா வந்துடும்" என்றார். டாக்டருக்கும் சொல்லி அனுப்பினார். சில நாள் மூக்கில் குழாய் வைத்துத்தான் ஆகாரம் கொடுத்தார்கள். பிறகு அப்பா தம் கையாலேயே காப்பி குடித்தார்.

"இதெல்லாம் நர்ஸிங் படிப்பில் சொல்லிக் கொடுப்பார்களா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "போன மாசம் எங்க வார்டுலயே ஒரு அரை மணி வகுப்பு எடுத்தாங்க சார். அதுல கத்துக்கிட்டது" என்றார் அவர்.

அரை மணி! அதுவும் வார்டிலேயே! இந்த இரண்டு விஷயங்களையும் மனசில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி, சர்க்கார் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நர்சுகளைப் பயிற்றுவிப்பதில் சென்னைக்குப் பழைய பெருமை உண்டு. 1871லேயே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பள்ளி தொடங்கிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து மெட்ரோவில் போய் சென்ட்ரலில் இறங்குகிறார்களே, அதற்கு எதிரே உள்ள ஆஸ்பத்திரிதான். 1926ல் சென்னை மாகாணத்தில் நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. 1946ல் வேலூரில் நர்ஸிங்கில் பட்டப் படிப்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் நெடுங்காலம் வரை, ஒரு தடவை பதிவு செய்துகொண்டால் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்ற எண்ணம்தான் எல்லாருக்கும் இருந்தது. இந்திய நர்ஸிங் கவுன்சில் அந்த எண்ணத்தை மாற்றி, பதிவைப் புதுப்பிப்பதோடு தொடர் கல்வியையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. ஐந்து வருஷத்துக்கு 150 மணி நேரம் என்பது அதன் கணக்கு.

150 மணி என்றதும் மலைத்துப் போகாதீர்கள். வருஷத்துக்கு முப்பது மணி. மாதத்துக்கு இரண்டரை மணி. ஒரு சினிமாப் பார்க்கும் நேரம். சட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டரை மணியை யார் கொடுப்பது? ஆஸ்பத்திரியா, நர்ஸா? அங்கேதான் சிக்கல்.

கொடுக்க முடிந்த நிலையிலா நம் நர்சுகள் இருக்கிறார்கள்? 2015ல் தமிழ்நாட்டில் ஆயிரக் கணக்கான நர்சுகளை ஒப்பந்த முறையில் சர்க்கார் வேலைக்கு எடுத்தபோது, மாதத் தொகுப்பு ஊதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுத்து, குழந்தைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டி, மிச்சத்தில் வகுப்புக்கும் பீஸ் கட்டு என்று சொல்வது தர்மமா? சம்பளம் பிறகு உயர்ந்தது. ஆனால் தனியார் ஆஸ்பத்திரிகளில் இன்றும் எத்தனையோ பேருக்கு வகுப்பு நாள் என்றால் சம்பளம் இல்லாத நாள்தான்.

இங்கிலாந்தில் எப்படி என்று விசாரித்தேன். 2016 ஏப்ரல் முதல் அங்கே ஒரு முறை நடந்துவருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நர்ஸ் தம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 35 மணி நேரம் படித்தால் போதும். அதில் 20 மணி நேரம் பிறரோடு கூடிக் கற்றதாக இருக்க வேண்டும். நம் கணக்கோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைச்சல். ஆனால் அவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள். கற்றதிலிருந்தோ வேலையில் பட்ட அனுபவத்திலிருந்தோ என்ன தெரிந்துகொண்டாய், அதனால் உன் வேலையில் என்ன மாறிற்று என்று ஐந்து குறிப்புகள் எழுதி, சக நர்ஸ் ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பார்த்தீர்களா வித்தியாசத்தை? நாம் மணியை எண்ணுகிறோம். அவர்கள் மணியோடு மாறுதலையும் எண்ணுகிறார்கள். எங்கள் தெருவின் மூன்றாவது நர்ஸிடம் "என்ன மாறிற்று?" என்று யாராவது கேட்டிருந்தால், அவர் சர்ட்டிபிகேட்டை பைலில் போட்டுவிட்டுச் சிரித்திருக்க மாட்டார். சொல்வதற்கு அவரிடம் எத்தனையோ இருக்கின்றன. கேட்பார்தான் இல்லை.

அங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். நேரம் இல்லை, மாற்று ஆள் இல்லை, மேலிடத்தில் ஆதரவு இல்லை என்ற புலம்பல் பல தேசத்து நர்சுகளிடமும் கேட்கிறது. கற்க விருப்பம் இல்லை என்பதைவிட, கற்க இடம் கொடுக்கவில்லை என்ற குறைதான் எங்கும் பெரிதாக இருக்கிறது.

நம் நர்சுகளுக்குக் கற்கத் தெரியுமா என்று இன்னமும் சந்தேகப்படுகிறவர்கள், 2020ஆம் ஆண்டைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். கொரோனாவின் முதல் அலை தொடங்கிய மாதங்களில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலம்தான் அதிகமாக அடிபட்டது. அந்தச் சில வாரங்களில் நர்சுகள் எத்தனை கற்றுக்கொண்டார்கள்! கவச உடையை எந்த வரிசையில் போடுவது, அதைவிட முக்கியமாக எந்த வரிசையில் கழற்றுவது, மூச்சுத் திணறுகிறவரைக் குப்புறப் படுக்க வைத்து ஆக்ஸிஜன் அளவை எப்படி உயர்த்துவது, விரல் நுனியில் மாட்டும் கருவி எப்போது ஏமாற்றும் என்று அத்தனையையும் வேலையோடு வேலையாகக் கற்றார்கள். யாருக்கும் தூக்கம் வரவில்லை. காரணம், காலையில் கற்றது மத்தியானமே ஓர் உயிருக்கு உபயோகப்பட்டது. இதைவிடப் பெரிய ஊக்கம் எது?

அடுத்த விஷயம், எந்த ஊரில் எதைக் கற்பது என்பது. 2023 டிசம்பர் 26 அன்று இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். பலரை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதிரி ராத்திரியில் வாசலில் வந்து நிற்பவருக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்? உடுத்திய துணியைக் களைய வேண்டும். கண்ணைச் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். தொண்டை வீங்கி மூச்சுப் பாதை அடைபடலாம் என்பதால், நன்றாக இருப்பவரைக் கூட உடனே வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிக்க வேண்டும். மாம்பலத்து நர்ஸுக்கு இந்தப் பாடம் வாழ்நாளில் ஒரு தடவை உபயோகப்படலாம். திருவொற்றியூர் நர்ஸுக்கு நாளைக்கே தேவைப்படலாம். ஆலைகளுக்கு நடுவில் வாழ்கிறவர்கள் நாங்கள். எங்கள் வட்டாரத்துச் சின்னச் சின்ன நர்ஸிங் ஹோம்களில் முதல் பாடமே இதுவாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் எங்கள் அக்காவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டியதில் அம்மோனியா என்ற பேச்சே இல்லையாம்.

ஆகவே நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நர்சுகளின் மனப்பான்மையைத் திருத்த வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், முதலில் வகுப்பைத் திருத்தட்டும். மனப்பான்மை தானே திரும்பும். வாரத்துக்கு அரை மணி, டூட்டி நேரத்துக்குள்ளேயே, ஷிப்டு மாறும் வேளையில், அந்த வார்டில் அந்த வாரம் பார்த்த நோயாளியை வைத்தே ஒரு பாடம் நடத்தட்டும். வருஷத்துக்கு அதுவே 26 மணி ஆகிவிடும். சட்டம் கேட்கும் முப்பதுக்கு இன்னும் நான்கு மணிதான் பாக்கி. அதற்குச் சம்பளத்தோடு ஒரு நாள் அனுப்பினால் ஆஸ்பத்திரி முழுகிப் போகாது. அப்படி வார்டில் நடக்கும் பாடத்தைக் கவுன்சிலும் கணக்கில் ஏற்றுக்கொள்ள வழி செய்யட்டும். கற்று வந்த நர்ஸ் ஒரு யோசனை சொன்னால், "உன் வேலையைப் பாரு" என்று சொல்லாமல், டாக்டரும் கொஞ்சம் காது கொடுக்கட்டும்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரி முதலாளிகளிடம் நான் சொன்னால் கேட்பார்களா? மாட்டார்கள். பணம் கட்டுகிற நீங்கள் கேட்டால் கேட்பார்கள். அறை ஏ.ஸி.யா, டெலிவிஷன் உண்டா, காண்டீன் எத்தனை மணி வரை என்றெல்லாம் விசாரிக்கிறோம் அல்லவா? அவற்றோடு இதையும் சேர்த்து விசாரியுங்கள்: "உங்கள் நர்சுகளுக்கு வகுப்பு எப்போது நடத்துகிறீர்கள்? அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா?"

முதல் ஆள் கேட்டால் விழிப்பார்கள். பத்தாவது ஆள் கேட்கும்போது பதில் தயாராக இருக்கும். நூறாவது ஆள் கேட்கும்போது வகுப்பே நடந்துகொண்டிருக்கும்.